பன்னிரண்டு துளைகள்

என் மேசைமேல் ஒரு பழைய ஊறுகாய்ப் போத்தல் இருக்கிறது. பாதிவரை வறுத்த அரிசி, அதன்மேல் சுண்டுவிரல் நகமளவு ஒரு படிகம். ஈப்போ மழையின் ஈரம் பட்டால் அதன் முகம் மங்கிவிடும் என்பதற்காகத்தான் அந்த அரிசி. மாதம் ஒருமுறை தவறாமல் மாற்றுகிறேன். நான் தின்னும் அரிசியைக்கூட அவ்வளவு ஒழுங்காக வாங்குவதில்லை. போன வாரம் ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருக்கும் என் வீட்டைக் கூட்டிப் பெருக்க வந்த தங்கை போத்தலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். "அண்ணே, இந்தக் கற்கண்ட எறும்புகூடத் தொடல. தூக்கிப் போட்ரவா?" ஐம்பதைத் தாண்டிய அண்ணன் நாற்காலியிலிருந்து அப்படித் துள்ளி எழுந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அந்தப் படிகத்தை வளர்த்தவளைக் கூட்டாளி என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். வேறு பெயர் சொல்ல எனக்கு உரிமை வாய்க்கவில்லை. ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு கல்லூரியில் அப்போது நான் ஆய்வக உதவியாளன். அவள் முனைவர் பட்டத்துக்காக வந்தவள், பாகான் டத்தோவில் தென்னை வைத்திருந்தவரின் மகள். முதல் நாளே என்னை 'அண்ணே' என்றாள். பிறகு விசாரித்ததில் அவள்தான் என்னைவிட ஐந்து மாதம் மூத்தவள். தக்க சமயம் பார்த்துத் திருத்தலாம் என்று ஓராண்டு காத்திருந்தேன். எத்தனையோ புத்தகம் படித்தவன். தக்க சமயம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

கரிமப் படிகம் வளர்ப்பது பார்ப்பதற்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போலிருக்கும். அமினோ அமில உப்பு ஒன்றை நீரில் தெவிட்டக் கரைத்து, வடிகட்டி, கடுகளவு விதைப் படிகத்தை நைலான் நூலில் கட்டி அதற்குள் தொங்கவிடுவாள். பீக்கரின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஊசியால் துளையிடுவாள். எப்போதும் பன்னிரண்டு. அந்தத் துளைகள் வழியாக நீர் ஆவியாக ஆவியாக, விதை வளரும். அதிர்ந்தாலோ அவசரப்பட்டாலோ கரைசலெங்கும் குட்டிப் படிகங்கள் பிறந்து பெரியதைக் கெடுத்துவிடும். இரண்டு முறை அப்படித்தான் கெட்டது. கண்ணாடி போன்ற ஒரே ஒரு படிகம் கிடைத்தால் போதும். அதை இரண்டாக அறுத்து, ஒரு பாதியில் லேசரைச் செலுத்தி, மறுபாதியில் மின்காப்பளவு, அதாவது மின்புலத்தை அது எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து, ஆய்வேட்டை முடித்துவிடுவாள். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அவளுக்கு இடம் வைத்துக் காத்திருந்தது.

தினமும் நான்கு மணிக்குப் பக்கத்துச் சுண்ணாம்பு மலையில் வெடி வைப்பார்கள். அதற்கு முன்பு சங்கு ஊதும். பீக்கரின் கீழே நான் கொண்டுவந்து விரித்த ரப்பர் பால்தகடு இருந்தது. இருந்தாலும் அவளுக்கு மனம் கேட்காது. "அண்ணே, வாங்கலா, புடிங்க!" என்பாள். மேசையின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் உள்ளங்கைகளை அழுத்திக்கொண்டு நிற்போம். நான்கு கைகள் பிடித்தால் மலை அதிராது என்று இயற்பியலில் எங்கும் இல்லை. அது இருவருக்கும் தெரியும். நடுவில் ஒரு பீக்கர். நாள் முழுவதும் அந்தச் சங்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது விதை நன்றாகவே வளர்ந்தது. ஒரு மாதத்தில் முடிந்துவிடும், அவளும் போய்விடுவாள். ஒரு நாள் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் செல்லோடேப்பைக் கிழித்து ஏழு துளைகளை ஒட்டினேன். கெடுக்க நினைக்கவில்லை. இன்னும் சில சங்குகள் வேண்டியிருந்தன, அவ்வளவுதான்.

ஒரு மாதம் இரண்டரை மாதமானது. ஆனால் மெதுவாக வளர்ந்ததாலேயே அது அதுவரை நாங்கள் பார்த்திராத தெளிவோடு வந்தது. பத்திரிகைமேல் வைத்தால் எழுத்தைப் படிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத லேசர் அதற்குள் புகுந்து பச்சை ஒளியாக வெளியே வந்தபோது அவள் கைதட்டிக் குதித்தாள். அவளை நிறுத்திவைக்கச் செய்த சூழ்ச்சியால் அவளுடைய பயணத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்த ஒரே மேதை நான்தான்.

புறப்பட்ட நாளன்று பேருந்து நிலையத்தில் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தாள். இருபுறமும் வெள்ளிப் பசை பூசி மின்காப்பளவு பார்த்த பின் துடைத்த படிகப் பாதி.

"பன்னண்டு ஓட்ட போட்டேன். அஞ்சுதான் தொறந்து இருந்துச்சு."

பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "எப்ப பாத்த?"

"மறுநாளே."

"டேப்பப் பிரிச்சுப் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம்," என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அதுவரை அவள் வாயில் ஓர் 'அண்ணே'கூட வரவில்லை என்பதை நான் வீடு திரும்பிய பிறகுதான் கவனித்தேன். அங்கே நின்று நான் சொன்னது இதுதான்: "மெதுவா வளந்தாத்தான் கிரிஸ்டல் நல்லா வரும்லா."

"ஆமாண்ணே," என்றாள். பேருந்து வந்துவிட்டது.

போன வாரம் தங்கையிடமிருந்து போத்தலைப் பிடுங்கி மேசையில் வைத்த கையோடு இடி இடித்தது. ஜன்னல் நடுங்கியது. என் இரண்டு கைகளும் தாமாகவே மேசையை அழுத்திக்கொண்டன.

"என்னண்ணே, வீடு ஓடிருமா?" என்று சிரித்தாள் தங்கை.

"பழக்கம்லா," என்றேன். போத்தலுக்கு இந்தப் பக்கம் மட்டுமே என் கைகள் இருந்தன. அந்தப் பக்கத்தில் இரண்டு கைகள் வைக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தேன்.