தூசிக்கு வெல்லம்

அன்றைக்குக் குடோனில் இருந்தவர்கள்: முதலாளி, சல்லடை ஆட்டும் அக்கா, மூட்டை தைக்கும் என் மச்சான், சாக்குப் பிடிக்கும் நான், ஜீப்பில் வந்து இறங்கிய ஃபேக்டரி இன்ஸ்பெக்டர். ஜீப் டிரைவர் உள்ளே வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

அரியலூர் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தக் குடோன். கிழிந்துபோன சிமெண்ட் மூட்டைகளைக் கொட்டிச் சலித்து, வேறு சாக்கில் பிடித்துத் தைப்போம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு சிமெண்ட்டைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். தண்ணீர் பட்டால் இறுகிவிடும். மூக்கு வழியாக உள்ளே போகிற சிமெண்ட் மட்டும் சும்மா இருக்குமா? ஆகவே வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். காலையில் எழுந்ததும் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பேன். சத்தம் கெட்டியாகக் கேட்பது போல இருக்கும். அன்றைய சோறு இறங்காது.

தூசிக்கு முதலாளி வைத்திருந்த மருந்து வெல்லம். தினமும் ஆளுக்கொரு அச்சு கொடுப்பார். "தின்னுட்டு வேலையப் பாருங்க. ஒட்டுனதெல்லாம் வழுக்கிட்டுப் போயிரும்." அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் காப்பி போடுவார். மச்சான் சேர்த்துவைத்துப் பணியாரம் சுடச் சொல்வார். பயந்துகொண்டு அங்கேயே தின்றவன் நான் ஒருவன்தான்.

"தூசிக்கு என்ன குடுக்குறீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். முதலாளி பெருமையாக வெல்ல டின்னைத் திறந்து காட்டினார்.

"வெல்லம் வயித்துக்குப் போவுது. தூசி நுரையீரலுக்குப் போவுது. அது திருச்சி பஸ்ஸு, இது ஜெயங்கொண்டம் பஸ்ஸு. அதுல ஏறி ஜெயங்கொண்டத்துல எறங்க முடியுமா?"

என்னால் அடக்க முடியவில்லை. "தண்ணியும் திருச்சி பஸ்ஸுதானுங்களா சார்?"

அவருக்குப் புரியவில்லை. நெஞ்சு இறுகும் விஷயத்தைச் சொன்னேன். வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையைக் காட்டினார். "யோவ், மொதல்ல போயித் தண்ணி குடிய்யா."

நான் செம்பும் கையுமாகத் திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் முதலாளிக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். "ஆளுக்கொரு மாஸ்க் வாங்கிக் குடுங்க. கூலியில புடிக்கக் கூடாது. அடுத்த வாரம் வருவேன். மூஞ்சியில இல்லைன்னா கேஸு."

மறுநாள் மாஸ்க் வந்தது. வெல்ல டின் காணாமல் போனது. "கூலியிலதான புடிக்கக் கூடாதுன்னாரு" என்றார் முதலாளி.

நான் மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மச்சான் அதில் பீடிக்கட்டை வைத்து இடுப்பில் தொங்கவிட்டார். அக்கா தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"மூக்குல மாட்டுங்கக்கா."

"ஏன், நீ வாயத் தொறந்ததுல என் புள்ளைவொ வெறுங்காப்பி குடிக்குதுவொ. இதுக்கு மாஸ்க்கு வேறயா?"

"மாப்ள, அந்த மாஸ்க்க வாயில போட்டுகிட்டு சார்கிட்ட பேசியிருக்கலாம்ல நீயி" என்றார் மச்சான்.

எனக்குக் கவலை இரண்டு மடங்கானது. மச்சானின் நெஞ்சுக்கு ஏதாவது ஆனால் என் பெண்டாட்டி என்னைத்தான் கேட்பாள். அக்காவோ போன மாதத்திலிருந்தே இருமிக்கொண்டிருந்தார்.

"வெல்லம் வந்தா மாட்டுவீங்களா?"

"வந்தாப் பாப்போம்."

மறுநாளிலிருந்து கடைவீதியில் என் காசில் இரண்டு அச்சு வாங்கிப் போனேன். கொடுத்த பிறகுதான் மாஸ்க் மூக்குக்கு இறங்கும். நான் தின்பதை நிறுத்திவிட்டேன், கட்டுப்படியாகவில்லை.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று முகத்திலும் மாஸ்க். "பரவால்லியே" என்றார் முதலாளியிடம்.

"நம்ம ஆளுங்க சார். நான் சொன்னாக் கேட்பாங்க."

அக்கா மாஸ்க்கைக் கீழே இறக்கினார். "இந்தத் தம்பி வெல்லம் வாங்கிக் குடுக்குது சார், அதான் மாட்டுறோம்."

இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார். "மாஸ்க்க வாங்கிப் போட்டா முடிஞ்சுதா? மாட்ட வைக்கிறதும் உங்க பொறுப்பு. அவன் காச அவன்கிட்ட குடுங்க."

முதலாளி பையைத் தடவிப் பார்த்தார். "சில்லறை இல்ல சார். காலையில குடுத்துர்றேன்."

காலையில் வெல்ல டின் திரும்பி வந்தது. அந்தக் குடோனில் நான் இருந்தவரைக்கும் மாஸ்க் யார் மூக்கைவிட்டும் இறங்கவில்லை. முதலாளிகூட ஒன்று வாங்கிக்கொண்டார். நான் கிட்டே போனால் சட்டென்று மாட்டிக்கொண்டு, பேச முடியாது என்று சைகை காட்டுவார். தரவேண்டிய பாக்கி, பன்னிரண்டு ரூபாய்.