திருத்தணி மாடியில் ஓர் ஆவ்ரோ விமானி

விமானி வேலையில் இருக்கும்வரை ஊரே நம்மை அண்ணாந்து பார்க்கும். ஓய்வு பெற்றபின் அண்ணாந்து பார்க்கும் வேலை நமக்கு வந்துவிடும். பஸ்ஸும் ரயிலும் ஓட்டி ஓய்ந்தவர்களே, உங்களுக்காவது இது புரியும்.

மொட்டை மாடி

திருத்தணியில் என் வீட்டு மாடியில் நின்றால், சென்னையில் இறங்கப்போகும் விமானங்கள் மலைக்கோயிலைத் தாண்டித் தாழ்ந்து வருவது தெரியும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. நான் ஓட்டிய ஆவ்ரோ என்ற பழைய விமானம் அப்படியல்ல. இரண்டு காற்றாடிகளும் கீச்சுக் குரலுமாக, ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. ஒன்று இடப்பக்கமே இழுக்கும். இன்னொன்று மழை என்றால் முரண்டு பிடிக்கும்.

ஒருநாள் பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த முனிரத்தினம் என்னையே கவனித்தார். புதுக் குடித்தனக்காரர், எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியாது. உரக்கக் கேட்டார்: "இன்னா சார், தெனிக்கும் பாத்துகினே கீறீங்க? புள்ள யார்னா ஃபாரின்லருந்து வருதா?"

ஒற்றை இன்ஜின்

ஒரு மழைக்காலத்தில், மேகத்துக்குள் வலது இன்ஜின் நின்றுவிட்டது. இப்போதுபோல் கம்ப்யூட்டர் கைகொடுக்கும் விமானம் இல்லை அது. நாம் மிதித்தால்தான் வால் திரும்பும். விமானம் வலப்பக்கம் திரும்பிவிடாமல் இடது காலால் பெடலை மிதித்தபடியே வந்தேன். தொடை மரத்துப்போனது. துணை விமானி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எப்படியோ தரை தொட்டோம்.

நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன், யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று. முதலில் இறங்கிய பெரிய மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "என் பெட்டி எப்போ வரும்?"

காது

ஆவ்ரோ எனக்குச் சோறு போட்டது. பதிலுக்குக் காதை எடுத்துக்கொண்டது. மருத்துவச் சோதனையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். நான் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் முகம் மாறியபிறகுதான், சத்தம் எப்போதோ தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. இனிப் பறக்க முடியாது என்பதை அவர் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. போகும்போது தோளைத் தட்டி ஆறுதலும் சொன்னார்: "இனிமே நிம்மதியா தூங்கலாம் கேப்டன், எந்தச் சத்தமும் எழுப்பாது."

பிரியாணி

போன மாதம் என் மனைவியின் தம்பி வந்தான். "பாவா, ஹைவேஸ்ல உங்க பிளேனை ஓட்டலாக்கிட்டாங்க, வாங்க" என்று இழுத்துப் போனான். ஆவ்ரோதான். காற்றாடிகளில் சீரியல் பல்பு சுற்றியிருந்தார்கள். பயணிகள் உட்கார்ந்த இடத்தில் பிரியாணி வாசனை. நான் நேராக முன்னால் போய், கேப்டனுக்கான இடது இருக்கையில் உட்கார்ந்தேன். கால் தானாகப் பெடலைத் தேடியது. அங்கே பிளைவுட் பலகைதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

சர்வர் வந்து தோளைத் தொட்டான்: "பெரியவரே, எழுந்திருங்க. அது ஃபோட்டோ எடுக்கறவங்க உக்கார்ற சீட்டு."

எப்படியெல்லாம் இறங்கலாம் என்று எங்களுக்குப் பல விதமாகப் பயிற்சி கொடுத்தார்கள். இறங்கியபின் என்ன செய்வது என்பதைத்தான் ஒருவரும் சொல்லித் தரவில்லை.