ஷீட் மெஷினை நான் கழற்றிய மதியம்

மனைவியும் நானும் பிரிந்தபோது கீரிப்பாறைப் பக்கத்து வீடும் ரப்பர் மரங்களும் அவளிடமே இருந்தன. அவை அவளுடைய தாய்வீட்டுச் சொத்து. உறைந்த ரப்பர் பாலை இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி ஷீட் அடிக்கிற மெஷினை வாங்கியவன் நான். அதைத் திரும்ப எடுக்க எனக்கு உரிமை இருந்தது. எடுக்கும் நேரத்தைத்தான் வஞ்சத்தோடு தேர்ந்தெடுத்தேன்.

காலையில் எடுத்த பாலில் ஆசிட் ஊற்றி, அவள் தட்டுகளில் உறையவைத்திருக்கும் மதியவேளை அது. அன்றே அடிக்காவிட்டால் இறுகி வீணாகிவிடும். தெரிந்தே லோடு ஆட்டோவுடன் போய் நின்றேன்.

"நாளைக்கு எடுத்தா ஆகாதா? தட்டு முழுக்க உறைஞ்சு கெடக்கு" என்றாள்.

"பில்லு எம்பேர்ல இருக்கு."

"ஒரு மரம்கூட இல்லாத ஆளுக்கு மெஷின் எதுக்கு? வேட்டி பிழியப் போறியளா?"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு மூட்டிய கோபத்தில் போல்ட்டுகளை நானே கழற்றினேன். வண்டி கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு தட்டைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்து, விழுந்த ரப்பரைக் காலால் மிதித்து மெலிதாக்க முயன்றுகொண்டிருந்தாள். எனக்கு இனித்தது. பூதப்பாண்டியில் இறங்கி நிதானமாகக் காப்பி குடித்தேன். அந்தக் காப்பியை நினைத்தால்தான் இன்று வெட்கமாக இருக்கிறது.

என் வாடகை வீட்டுப் பின்புறத்தில் மெஷின் துருப்பிடித்து நிற்கிறது. சென்ற மாதம் அதைத் திருப்பிக் கொடுக்க நினைத்து, அதே ஆட்டோக்காரரைக் கேட்டுவர அனுப்பினேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"சாரே, அவிய அப்பமே வேற வாங்கியாச்சு. வேட்டி காஞ்சிட்டான்னு ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாவ."