பித்தளை ரெகுலேட்டர்

ஐஸ் பிளான்ட்டில் அமோனியா கசிந்தால் அலறுகிற கருவியைச் சோதித்துச் சரிசெய்வது என் வேலை. புதுக்கோட்டையில் பைக்கை எடுத்தால் ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று கடலோரம் முழுக்கச் சுற்றிவருவேன். பையில் கையடக்கமாக ஒரு சிலிண்டர், அதில் அளந்து அடைத்த அமோனியா. அதைக் கருவிக்குக் காட்டி, சிலிண்டரில் எழுதியிருக்கிற அளவையே கருவியும் காட்டும்படி திருகி வைக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரெகுலேட்டர். சமையல் கேஸுக்குப்போல கிடைத்ததை மாட்டிவிட முடியாது, எந்த வாயுவுக்கு எந்த உலோகம் என்று பார்க்கவேண்டும்.

பழையது உடைந்துபோய்த் திருச்சிக்கு வாங்கப் போனேன். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண். "அமோனியாவுக்குன்னா பித்தளை வேண்டாம் சார், அரிச்சிரும். ஸ்டீல் எடுத்துக்கங்க" என்றாள். குவைத்தில் எட்டு வருடம் குப்பைகொட்டியவனுக்கு இவள் பாடம் எடுக்கிறாளா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் சொன்னது தெரியாததல்ல. "நீ பில்லைப் போடும்மா" என்று, அவள் சொன்னதற்காகவே பித்தளையை எடுத்தேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்க்கத் திருப்தியாகக்கூட இருந்தது.

அதை மாட்டி ஜெகதாப்பட்டினத்து பிளான்ட் ஒன்றில் கருவியைச் சரிசெய்துவிட்டு வந்தேன். அந்த வாரத்திலிருந்தே அங்கே அலாரம் அடிக்க ஆரம்பித்தது. அடித்தால் வேலையாட்கள் எல்லாரும் ரோட்டுக்கு ஓடுவார்கள், ஐஸுக்கு நிற்கிற படகுக்காரர்கள் முதலாளியை வாயில் வந்தபடி ஏசுவார்கள். முதலாளி அதை அப்படியே கம்ப்ரஸர் பார்க்கிற ஆபரேட்டர் தலையில் இறக்குவார். ஆபரேட்டருக்கு ஐம்பது வயதிருக்கும், இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் வேலை. "வாடையே இல்லைங்களே" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஆபரேட்டர் எல்லார் முன்னாலும் கந்தகத் திரியைக் கொளுத்தி, ஒவ்வொரு வால்வாகக் காட்டிக்கொண்டு போனார். கசிவிருந்தால் அந்த இடத்தில் வெள்ளையாகப் புகையும். எங்கேயும் புகையவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே, "தீபாராதனை முடிஞ்சுதாண்ணே? கற்பூரம் தொட்டுக்கலாமா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும்தான்.

"மிஷின் பொய் சொல்லாது. அமோனியாவுலயே கெடந்து ஒங்க மூக்கு செத்துப்போச்சுண்ணே" என்றேன்.

அவர் என்னை ஓரமாக அழைத்துப்போனார். "வேலையவிட்டு நிப்பாட்டப் போறாங்க சார். அந்த மிஷின ஒருதரம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒங்க ஒரு வார்த்தையிலதான் இருக்கு."

பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. "அங்கிட்டுப் போங்கண்ணே, எனக்கு மணமேல்குடியில வேலை கெடக்கு" என்றேன். மறுநாள் அவரை நிறுத்திவிட்டார்கள். புது ஆள் வந்தும் அலாரம் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து வேறொரு பிளான்ட்டில், அன்றுதான் பெட்டி பிரித்த புதுக் கருவியே குறைவாகக் காட்டியது. சந்தேகம் வந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. சிலிண்டரிலிருந்து போகிற அமோனியாவில் பாதியைப் பித்தளையே தின்றிருக்கிறது. கருவிக்குக் குறைவாகப் போய், அது குறைவாகக் காட்ட, நான் ஏற்றித் திருகியிருக்கிறேன். அப்புறம் பிளான்ட்டில் எப்போதும் இருக்கிற துளி வாயுவுக்கெல்லாம் அது அலறாமல் என்ன செய்யும்? ஸ்டீல் ரெகுலேட்டர் வாங்கிக்கொண்டு நேராக ஜெகதாப்பட்டினம் போய் எல்லாவற்றையும் சரிசெய்தேன். அதோடு அலாரம் நின்றது.

முதலாளி டீ வரவழைத்துக் கொடுத்தார். "மிஷின்லதான் கோளாறு இருந்துச்சோ? பாவம், அந்தாளத் திரும்பக் கூப்பிட்டுக்கிறவா? புதுசா வந்தவனுக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார்.

"மிஷின்ல என்னங்க கோளாறு? அவர் கவனிக்காம விட்ட லீக்கு, இப்பத்தான் அடைச்சிருக்கு. மூக்கு போன ஆள வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?" என்றேன். யோசிக்கவே இல்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

போன மாதம் மீன் ஏலம் போடுகிற இடத்தில் அந்த ஆபரேட்டரைப் பார்த்தேன். கூடை சுமந்துகொண்டிருந்தார். நான் திரும்பிக்கொள்வதற்குள் அவரே கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"முதலாளி எல்லாத்தையும் சொன்னாரு சார். நான் பாட்டுக்கு வாடை இல்ல, வாடை இல்லன்னு வீம்பு பண்ணிக்கிட்டிருந்திருக்கேன். நீங்க மட்டும் வரலைன்னா எத்தன உசுரு போயிருக்குமோ. நீங்க நல்லா இருக்கணும் சார்."

"பரவாயில்லண்ணே" என்றேன்.