பிசாசு வாசலுக்கு வெளியே

மேவிஸ் லார்ட்டர் ஐம்பது வருஷமாக ஒரே இடத்தில்தான் பூ வைத்து வந்தாள். ஆலயத்தின் வடக்குச் சுவரில் கல் வைத்து அடைத்த பழைய வாசல் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில், கூரைத் தண்ணீர் சொட்டும் இடம். யாராவது கேட்டால், "பலிபீடத்துல வச்சதுல மிச்சம்" என்பாள்.

அது பிசாசு வாசல். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பிசாசு வெளியேறட்டும் என்று அந்தக் காலத்தில் திறந்து வைப்பார்களாம். வழக்கம் போனபின் அடைத்துவிட்டார்கள். வட்டக் கோபுரமும் சிக்கிமுக்கிக்கல் சுவரும் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய நார்மன் அரசர்களைக் கண்டவை. இங்கிலாந்தின் கிழக்குக் கரை நார்ஃபோக்கில் கடல் காற்று வடக்கேதான் முதலில் அறையும். அதனால் ஊரார் செத்தபின் தெற்கே, வெயில் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

மேவிஸின் மகள் இறந்தே பிறந்தாள். தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அடக்க ஆராதனை கிடையாது. புருஷன் பெர்சி சின்னப் பெட்டியோடு போய் வெறுங்கையோடு வந்தான்.

"பிசாசு வாசல் பக்கத்துல, கூரைத் தண்ணி விழுற இடத்துல புதைச்சிருக்கு. மழை பெய்யுறப்பல்லாம் பிள்ளைக்கு ஞானஸ்நானம்னு வச்சுக்கோ."

அவன் கண்ணில் சொட்டு நீர் இல்லை. ஆனால் அதே வாரம் பள்ளிக்கூட டீச்சர் மிஸ் அட்டிங் செத்து, அவள் சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கிவிட்டு வந்தவன், சமையலறையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். படுக்கையில் கிடந்த மேவிஸுக்கு அது கேட்டது. சின்ன வயசில் அவர்கள் இருவர் கையையும் பிரம்பால் பழுக்கவைத்தவள் அந்த டீச்சர். பல வருஷம் கழித்து ஒரு சண்டையில் மேவிஸ் கேட்டே விட்டாள்: "பெத்ததுக்கு அழாதவன், பிரம்பு பிடிச்சவளுக்கு அழுதியே!" பெர்சி கோழிக்குத் தீனி வைக்கப் போனான். அவன் செத்தபோதும் அவளுக்கு மனசு இளகவில்லை.

இப்போது பிசாசு வாசலைத் திறந்து, வெளியே கழிப்பறை கட்டப்போகிறார்களாம். சபைக் கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கியவள் அவள் ஒருத்திதான்.

"ஆராதனை நடுவுல புதருக்குப் பின்னால ஓட உங்களுக்குத் தெம்பிருக்கலாம் மேவிஸ், என் முட்டி தாங்காது" என்றான் சிரில் கூச். ஊர்த் தச்சர் மகன் அவன்.

"நீ குடிக்கிற பீருக்கு கர்த்தர் கக்கூஸ் கட்டணுமோ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

பழைய ஆலய மண்ணில் கட்டுவதற்குமுன் தொல்லியல் ஆட்கள் தோண்டிப் பார்ப்பது சட்டம். தோண்ட வந்த பெண்ணிடம் மேவிஸ் போய், "சின்னப் பெட்டி ஒண்ணு இருக்கும்மா, மெதுவா" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குழி இறங்கி இறங்கி, சுவரின் அஸ்திவாரமே தெரிந்தது. அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"இங்க எதுவும் புதைக்கலைங்க. சுவர் கட்டுனப்புறம் இந்த மண்ணை யாருமே கிளறலை."

தகவல் கேட்டு வந்த சிரில் தொப்பியைக் கழற்றினான்.

"பிள்ளை இங்கேன்னா இத்தனை நாள் நெனச்சீங்க? பெர்சி சொல்லவே இல்லையா?"

"என்னத்த?"

"அப்பெல்லாம் இந்த மாதிரிப் பிள்ளைங்கள, அந்த வாரம் யாரு போறாங்களோ அவங்க பெட்டியிலயே சேத்து வச்சிருவாங்க. தனியாப் போக வேணாம்னு. குருவானவர் படிக்கிற ஜெபமும் கிடைச்சிரும்ல. எங்கப்பாதான் மூடி அடிச்சாரு. மிஸ் அட்டிங் கையில குடுத்தோம்னு சொன்னாரு."

மேவிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"பெர்சிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதானே தோள் குடுத்தான்! எட்டுப் பேர் மாத்திக்கிறேன்னு கேட்டும் தோளை எடுக்கலையாம். உங்ககிட்ட சொல்ல பயம் போல. அந்தப் பொம்பளகிட்டயா நீ என் பிள்ளையக் குடுத்தேன்னு நீங்க அவன் தலையில ஏறியிருப்பீங்க."

"ஏறியிருப்பேன்" என்றாள் மேவிஸ்.

பூவை எடுத்துக்கொண்டு தெற்கே போனாள். பாசி மூடிய மிஸ் அட்டிங்கின் கல்லடியில், அத்தனையையும் வைத்தாள். நாலு கல்லறை தள்ளி பெர்சி. அவனுக்கு அவள் ஒரு நாளும் பூ வைத்ததில்லை. இப்போதும் கை காலி.

"உனக்கு நாளைக்கு" என்றாள். அதற்குமேல் பேச வரவில்லை.