எனக்கு மட்டும் தீர்த்தம் விடாத கருவி

பாவியைக் கண்டால் தீர்த்தக் கருவி அடைத்துக்கொள்ளும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். சிரியுங்கள், பரவாயில்லை.

பள்ளிமுனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில், கையை நீட்டினால் தானாக அளவாய்த் தீர்த்தம் விடும் மின்கருவியைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். அன்று தங்கையின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், பிள்ளையை ஏந்தவேண்டிய ஞானத்தகப்பன் நான்தான். வள்ளத்து எஞ்சின் ஒன்றைத் திருத்திவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி ஓடிவந்து நீட்டினேன். ஒரு துளியும் விழவில்லை. மனைவி நீட்டினாள், விழுந்தது. மறுபடி நான் நீட்டினேன். இல்லை.

"இஞ்சேருங்கோ, ஆண்டவருக்கு உங்களை விளங்கிப்போட்டுது" என்றாள்.

இப்படிப்பட்டவன் எப்படிப் பிள்ளையை ஏந்துவது? ஆனால் அந்த இடத்தை இன்னொருவருக்கு விட எனக்கு மனமில்லை. நேரே ஃபாதரிடம் போனேன்.

"ஃபாதர், இப்பவே என்ர பாவமெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்."

அவர் என் கைகளைப் பார்த்தார். "முதல்ல கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

தேய்த்துக் கழுவிவிட்டு நீட்டினேன், தீர்த்தம் விழுந்தது. பிள்ளையையும் நான்தான் ஏந்தினேன். இப்போதெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் கோயில் பக்கமே போவதில்லை. கையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கண்டால்தான் அந்தக் கருவி வேலை செய்யுமாம். என் கையில் அப்பியிருந்த கறுத்த ஒயில் அந்த வெளிச்சத்தை விழுங்கிவிட்டது.