உயிரோடிருந்தவருக்கு ஏற்றிய மெழுகுதிரி

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஷெர்புரூக் தெருவோரம் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். நவம்பர் மாதப் பிற்பகல். உடம்பில் பரிமாறுபவனின் வெள்ளைச் சட்டை மட்டும். குளிரங்கியை விருந்து மண்டபத்திலேயே விட்டுவிட்டேன். பின்னால் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. மண்டபத்துக்குத்தான் போகிறது என்று நினைத்தேன். ஓடினால் சந்தேகப்படுவார்கள் என்பதால் ஓடவில்லை.

அகதி விசாரணைக்கு ஆறு நாள் இருந்தது. வேலை அனுமதி இன்னும் வரவில்லை. அந்த மண்டபத்தில் கோப்பை கழுவிய அண்ணை, ரொறொன்ரோவுக்குப் போய்விட்ட தன் மச்சானின் வேலை அனுமதி அட்டையைக் காட்டி என்னைச் சேர்த்துவிட்டிருந்தார். மூன்று கிழமையாக மச்சானின் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகியிருந்தேன். பிடிபட்டால் விசாரணையில் நான் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அன்று லாக்ரோஸ் விழா. தடியின் நுனியில் வலை கட்டிப் பந்தை ஏந்தி எறியும் விளையாட்டு. நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பெரிய ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் 'புகழ் மண்டபம்' என்ற பட்டியலில் சேர்த்துக் கௌரவிக்கிறார்கள் என்று அண்ணை சொன்னார். ஏழு படங்கள் மேசையில் வரிசையாக நின்றன. மேலாளரான பெண் என்னிடம் பூக்கூடையைத் தந்து, காலமானவர்களின் படங்களுக்கு மட்டும் பூவும் மெழுகுதிரியும் வைக்கச் சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். யார் காலமானவர் என்று சொல்லவில்லை. படங்களுக்குக் கீழே இருந்ததை வாசிக்க என் எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதவில்லை.

எங்கள் வீடுகளில் சுவரில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவர் உயிரோடு இருப்பதில்லை. இங்கே அப்படிப்பட்ட படங்கள் மூன்று. பூக்களை நூலில் கோத்து மூன்றுக்கும் மாலையாகவே போட்டேன். மெழுகுதிரி ஏற்றினேன். பழக்கத்தில் கும்பிட்டும்விட்டேன்.

விருந்தினர் வந்தார்கள். கைத்தடியோடு ஒரு கிழவர் நடுப்படத்துக்கு முன்னால் நின்றார். படத்திலிருந்த அதே உடைந்த மூக்கு. மாலையைப் பார்த்தார், சுடரைப் பார்த்தார். நெஞ்சில் கைவைத்துக் கதிரையில் சாய்ந்தார். தோள்கள் குலுங்கின. ஒரு பெண் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"யார் இதைச் செய்தது? அவன் பெயர் என்ன?" என்று மேலாளர் கேட்டது என் காதில் விழுந்தது.

உயிரோடிருப்பவரின் படத்துக்கு விளக்கு வைத்தால் ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். சமையலறைக் கதவால் வெளியேறினேன்.

அறைக்கு வந்து பூட்டிக்கொண்டு இருந்தேன். தொலைபேசி அடித்தது. பொலிஸாக இருக்கும் என்று இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தேன். அண்ணை.

"எங்கயடா நிக்கிறாய்?"

"அறையில. அண்ணை, அந்தாள் செத்திட்டாரோ?"

"சாகிறதோ? சிரிச்சுச் சிரிச்சு மூச்சு முட்டினது அந்தாளுக்கு. திரியை ஊதிப்போட்டு, கேக் எங்க எண்டு கேட்டவர். இப்ப உன்ர மாலையைக் கழுத்தில போட்டுக்கொண்டு மேடையில நிண்டு கதைக்கிறார்."

எனக்கு அழுகை வந்தது. அண்ணை நிறுத்தவில்லை.

"பேந்து உன்னைக் கூட்டிவரச் சொன்னவர். தன்னோட நிண்டு படம் எடுக்கோணுமாம். தங்கட பத்திரிகையில போடுவினமாம், பேரோட."

"எந்தப் பேரோட, அண்ணை?"

அவருக்குப் பின்னால் கைதட்டும் சத்தம் கேட்டது.

"நீ வராதை," என்றார் அண்ணை. "வயித்துவலி எண்டு சொல்லுறன்."

"நாளைக்குக் கேட்டா?"

"நாளைக்கும் வலிக்கும். இனி இந்தப் பக்கமே வராதை."

மறுநாள் விடியவே இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மெட்ரோ வாசலில் நின்றேன். இந்த நகரம் இருக்கும் தீவுக்குத் தெற்கே, கரட் கழுவும் கொட்டகைக்கு ஆள் ஏற்றும் வான் அங்கேதான் வரும். ஓட்டுநர் "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார். விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். பெயர் கேட்கவில்லை. ஏறினேன். பொழுதுபடும்வரை பனித்தண்ணீரில் கரட் கழுவினேன். கொட்டகைக் கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தேன்.